மடிப்புக் கலையாமல்

கில்ட்டைப் பாவாடை என்று சொல்லக் கூடாது. ஸ்காட்லாந்துக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே கிடைக்கும் பாடம் இது. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், ஆனால் சொல்லாமல் விட மாட்டார்கள். பெண் உடுத்தினால் ஸ்கர்ட், ஆண் உடுத்தினால் கில்ட். இரண்டும் இடுப்பில் சுற்றும் துணிதான். ஆனாலும் ஆணின் உடையைப் பெண்ணின் உடைப் பெயரால் அழைத்தால் அவனுக்கு இழிவு. நம் ஊரில் ஓர் ஆணை "போய்ப் புடவை கட்டிக்கோ" என்று திட்டுகிறார்களே, அதே கணக்குதான்.

எனக்கு இருக்கும் கேள்வி வேறு. இந்த உடை வருடத்தில் நாலைந்து நாள்தான் ஆணின் இடுப்பில் இருக்கிறது. மீதி நாளெல்லாம் அலமாரியில் இருக்கிறது. அங்கே அதைப் பார்த்துக்கொள்வது யார்?

கில்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். முழு அளவு கில்ட்டுக்கு 8 கஜம் துணி வேண்டும். டார்டன் எனப்படும் கட்டம் போட்ட கம்பளித் துணி. இப்போது பெரும்பாலும் இரட்டை அகலத் துணியில் 4 கஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக்கி, இணைத்த இடம் ஒரு மடிப்புக்குள் மறையும்படி தைக்கிறார்கள். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு பகுதிகள் தட்டையாக இருக்கும். மற்றதெல்லாம் மடிப்பு, 25 முதல் 30 வரை. ஒவ்வொரு மடிப்பும் இடுப்பிலிருந்து பின்புறத்தின் அகன்ற பகுதி வரைக்கும் கையால் தைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே முழங்கால்வரை தையல் இல்லாமல் தானாக விழும். இத்தனை மடிப்பு வைத்த பிறகும் துணியிலிருந்த கட்டங்கள் அறுபடாமல் பின்பக்கம் தொடர வேண்டும். எடை ஏறக்குறைய 2 கிலோ இருக்கும்.

புடவை கட்டுகிற நமக்கு மடிப்பு புதிதல்ல. நம் கொசுவத்தைக் கட்டுகிறவளே வைக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்திலும் விரல்களுக்கிடையே ஆறேழு மடிப்பு அடுக்கிச் செருகிக்கொள்கிறாள். இரவு அவிழ்த்தால் கொசுவம் போய்விடும். மறுநாள் மறுபடி வைக்க வேண்டும். கில்ட் அணிகிறவர் மடிப்பு எதுவும் வைப்பதில்லை. இரண்டு மூன்று தோல் வார்களைக் கொக்கியில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஹைலேண்ட் மலைநாட்டு ஆண்கள் அணிந்தது, தையலே இல்லாத பெரிய போர்வை. அதைத் தாங்களே மடித்து, இடுப்பில் பெல்ட் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் மேல்பாதி இல்லாத சிறிய கில்ட் வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மடிப்புகளைத் தைத்தே நிறுத்திவிடும் வழக்கமும் வந்தது. உடை வரலாறு எழுதுகிறவர்கள் இதை வசதி என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வேலை கைமாறிய இடமாகத் தெரிகிறது. தினமும் தன் மடிப்பைத் தானே வைத்துக்கொண்டிருந்த ஆண், அன்றிலிருந்து வேறு ஒருவர் வைத்த மடிப்பை அணியத் தொடங்கினான்.

அந்த வேறு ஒருவரை நான் பார்த்தது கிளாஸ்கோவில், என் மாமியாரின் வீட்டில். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அவரே சொன்னார். எனக்கு நா எழவில்லை. அத்தை என்றே கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அதன் பிறகு வேறு எதுவும் என்னைக் கூப்பிடவிடவில்லை. அவர் என்னை 'ஹென்' என்பார். கிளாஸ்கோவில் பெண்ணைப் பிரியமாக அழைக்கும் சொல் அது. நம் 'கண்ணு' மாதிரி.

அங்கே பழைய கல் வீடுகளில் சுவருக்குள் பதித்த அலமாரியை 'பிரெஸ்' என்கிறார்கள். அத்தை வீட்டுக் கூடத்திலிருந்த பிரெஸ்ஸில் மாமாவின் கில்ட் தொங்கும். 1964இல் கல்யாணத்துக்குத் தைத்தது. ஜனவரி 25ஆம் தேதி கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்துக்கும், வருடக் கடைசி இரவுக்கும், உறவில் நடக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெளியே வரும். வந்துபோன ஒவ்வொரு தடவையும் அத்தைக்கு இரண்டு மணி நேர வேலை.

முதலில் காற்றாட விடுவார். ஒரு முழு நாள், வெயில் நேராகப் படாத இடத்தில். பிறகு மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் துலக்குவார். விருந்தில் தெறித்த குழம்புக் கறை, மதுவின் கறை இருக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். கறையை அப்போதே ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிடுவார். அதன் பிறகுதான் ஊசி. மேசையில் கில்ட்டைப் பரப்பி, ஒவ்வொரு மடிப்பின் விளிம்பையும் விரலால் நேராக்கி, வெள்ளை நூலால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போடுவார். கீழ் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு வரிசை, நடுவில் ஒன்று, நிரந்தரத் தையல் முடியும் இடத்துக்குக் கீழே ஒன்று. மடிப்புகள் அசையாமல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வெள்ளை நூல் எதற்கு என்று கேட்டேன். "திரும்ப எடுக்கும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா, ஹென்?" என்றார்.

தொங்கவிடுவதிலும் முறை உண்டு. ஹேங்கரின் குறுக்குக் கம்பியில் பேன்ட் மாதிரி மடித்துப் போட்டால் மடிப்புகளுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். இடுப்புப் பட்டையில் கிளிப் போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். இரண்டு கிளிப் 2 கிலோவைத் தாங்காமல் இடுப்புப் பட்டையை இழுத்துக் கோணலாக்கும் என்பதால் நான்கு. தோல் வாரின் கொக்கி துணியில் பதியாமல் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரு சாண் இடம் விட வேண்டும்; பக்கத்துக் கோட்டு அழுத்தினாலே மடிப்பு திரும்பிவிடும். ஈரச் சுவரில் படக் கூடாது. பிளாஸ்டிக் உறை ஆகாது, பருத்திப் பைதான். தொங்கவிட இடமில்லாதவர்கள் உருட்டி வைக்கலாம். மடிப்புகள் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, ஒரு பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால் எந்த மடிப்புக்கும் குறுக்கே கோடு விழாது. சுருட்டியது பிரியாமலிருக்கப் பெண்கள் அணியும் பழைய காலுறையில் ஒரு காலை வெட்டி, அதற்குள் நுழைத்துவிடுவார்கள். வெளியூர்ப் பயணத்துக்கும் இதுதான் வழி.

இவ்வளவையும் பார்த்தபோது எனக்கு அம்மாவின் பட்டுப் புடவைகள் நினைவுக்கு வந்தன. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மா அவற்றை எடுத்து மடிப்பை மாற்றி மடித்து வைப்பார். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை முறியும், பட்டு இற்றுப்போகும். பட்டுக்கு மடிப்பு எதிரி. கில்ட்டுக்கு மடிப்புதான் உயிர். செய்முறை நேர்மாறாக இருந்தாலும் செய்கிற கை ஒரே மாதிரியானது. ஒரு பெரிய வித்தியாசம்: அம்மா பார்த்துக்கொண்டது தான் உடுத்தும் துணியை. அவருக்குப் பிறகு அது எனக்கு வந்தது. அத்தை பார்த்துக்கொண்டது தான் ஒருநாளும் உடுத்தாத துணியை. அது மாமாவிடமிருந்து மகனுக்கோ பேரனுக்கோ போகும். நடுவில் அது இருந்த இடம் அத்தையின் கை.

கம்பளிக்கு ஞாபகசக்தி உண்டு என்பார் அத்தை. அறிவியலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. கம்பளி என்பது கெரட்டின் என்னும் புரதம். நம் தலைமுடியும் அதுதான். அதன் இழைக்குள்ளிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரமும் சூடும் பட்டால் விடுபடும். ஆறி உலரும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மறுபடி பிணையும். ஈரத் துணி போட்டு இஸ்திரி வைத்தால் மடிப்பு நிற்பது இதனால்தான். அதே காரணத்தால், தையலில்லாமல் ஈரக் காற்றில் தொங்கும் மடிப்பு மெல்ல மெல்லத் தன்னை மறந்துவிடும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். ஸ்காட்லாந்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எனவே கம்பளியின் ஞாபகம் தானாக நிற்பதில்லை. யாரோ ஊசியும் நூலுமாக உட்கார்ந்து அதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

இது பெண்ணுக்கே கைவரும் வேலை என்று யாராவது சொன்னால் ராணுவத்தைக் காட்டலாம். ஹைலேண்ட் படைப்பிரிவுகளில் தையல்காரர்கள் ஆண்கள்தான். அணிவகுப்பில் எல்லாருடைய பின்பக்கமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு வரும்படி மடிக்கும் முறை அவர்களுடையது. முதல் உலகப் போரில் கில்ட்டோடு பதுங்கு குழிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு மடிப்புகளுக்குள் பேன் அடைந்தது. மெழுகுவர்த்தியைக் காட்டியும் சூடான இஸ்திரியை வைத்தும் அவர்களே ஒவ்வொரு மடிப்பாகக் கொன்றார்கள். வேறு வழியில்லாத இடத்தில் ஆண் கைக்கும் மடிப்பு பழகியது. ராணுவத்தில் அந்த வேலைக்குப் பதவிப் பெயரும் சம்பளமும் இருந்தன. வீட்டில் அதற்குப் பெயர்கூட இல்லை.

பெயரில்லாமல் போவது பெண்ணுக்கு இங்கே புதிதல்ல. 1745இல் நடந்த ஜாகோபைட் கிளர்ச்சியை அடக்கிய பின் 1746இல் பிரிட்டன் அரசு ஹைலேண்ட் உடையைத் தடைசெய்தது. மீறினால் முதல் தடவை ஆறு மாதச் சிறை; மறுபடி மீறினால் கடல் கடந்து ஏழு வருடம் நாடுகடத்தல். அந்தச் சட்டம் பேசுவது ஆண்களையும் சிறுவர்களையும் மட்டும். பெண்களை அது குறிப்பிடவே இல்லை. இதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கம்பளியை நூற்றதும் சாயம் போட்டதும் பெரும்பாலும் பெண்கள். நெய்த துணியை நனைத்துப் பலகையில் அடித்துக் கெட்டியாக்கும் வேலை முழுக்க முழுக்க அவர்களுடையது. மேற்குத் தீவுகளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, துணியைக் கைமாற்றிக் கைமாற்றி அடித்தபடியே கேலிக் மொழியில் பாடிய பாடல்களுக்குக் கணக்கில்லை. பிரான்செஸ் டோல்மி என்ற பெண்மணி அவற்றில் பலவற்றைச் சேகரித்து 1911இல் வெளியிட்டதால் அவை ஏட்டில் ஏறின. உடையை ஆபத்து என்று கருதிய அரசுக்கு, அந்த உடையை உண்டாக்கிய கைகள் கண்ணிலேயே படவில்லை.

1782இல் தடை நீங்கியது. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது, வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாவில் மன்னரே கில்ட் அணிந்தார். மலைநாட்டு உடை தேசிய உடையானது. தேசிய உடை என்றால் ஆணின் உடை என்று அர்த்தம். 20ஆம் நூற்றாண்டில் ஹைலேண்ட் நடனப் போட்டிகளுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து கில்ட் அணிந்து ஆடியபோது சிலருக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் இப்போது இருக்கும் அபர்டீனுக்கு மேற்கே அபோயின் என்ற ஊர். 1950களில் அவ்வூர் விளையாட்டு விழாவினர் பெண்கள் கில்ட் அணிந்து ஆடக் கூடாது என்றார்கள். பெண்களுக்கென்று ரவிக்கையும் விரிந்த பாவாடையுமாகத் தனி உடை வந்தது. 'அபோயின் உடை' என்றே அதற்குப் பெயர். கில்ட்டைத் தைக்கலாம், துவைக்கலாம், மடிப்பைக் காக்கலாம். உடுத்தினால் மட்டும் மரபு கெட்டுவிடும். இன்று அந்தப் போட்டிகளில் கில்ட் அணிந்து ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். என் மகளும் அவர்களில் ஒருத்தி.

அத்தை நோயில் விழுந்து 14 மாதம் மருத்துவமனையிலும் பராமரிப்பு இல்லத்திலுமாக இருந்தார். அவ்வளவு நாளும் அந்த வீட்டுப் பிரெஸ்ஸை யாரும் திறக்கவில்லை. அவருடைய இறுதிச் சடங்குக்கு முதல்நாள் மாமா கில்ட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். மூன்று வரிசை வெள்ளை நூலைக் காட்டி, "இது என்ன? இதை எங்கே வெட்டணும்?" என்று கேட்டார். ஐம்பது வருடங்களுக்கும் மேலாக அணிந்த உடையின் அந்தத் தையலை அவர் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நூல் உருவப்பட்டு, இஸ்திரி போடப்பட்டு, கட்டில்மேல் கில்ட் தயாராக இருந்திருக்கிறது. நூலை நான் உருவினேன். அத்தை கடைசியாகப் போட்ட தையல் அது. மடிப்புகள் போட்டபடியே இருந்தன. ஆனால் மூன்று மடிப்புகளின் உள்பக்கம் பூச்சி அரித்து ஓட்டை விழுந்திருந்தது.

துணியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. இருட்டான, யாரும் தொடாத மடிப்பைத் தேடிப் போகும். வியர்வையோ உணவுக் கறையோ இருந்தால் இன்னும் பிடிக்கும். லாவெண்டர் பையும் தேவதாருக் கட்டையும் பூச்சியைக் கொஞ்சம் விலக்கி வைக்கும், முட்டையைக் கொல்லாது. காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் சாகும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, அவ்வப்போது எடுத்து உதறி, மடிப்பைப் பிரித்துப் பார்ப்பது. அத்தை செய்துவந்தது அதைத்தான். யாரும் கவனிக்காத ஒரு வேலை நின்றுபோனபோதுதான் அப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது என்பதே வீட்டுக்குத் தெரிந்தது.

ஓட்டையைச் சரிசெய்ய ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஐந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கில்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைத் தைத்தது இடதுகைப் பழக்கமுள்ள ஒரு பெண் என்றார். தையலின் சாய்வைப் பார்த்துச் சொன்னார். இடுப்புப் பட்டையின் உள்ளே கடையின் பெயர் பொறித்த துணிச்சீட்டு மட்டும்தான் இருந்தது. இந்த உடையின் கதையில் மூன்று பெண்கள் எனக்குத் தெரியும். தைத்த இடதுகைக்காரி, காத்த என் அத்தை, ஓட்டையை இழை தெரியாமல் அடைத்துக் கொடுத்த அந்த மூத்த பெண். ஒருவருடைய பெயரும் அதில் இல்லை.

போன கோடையில் மாமா கில்ட்டைப் பேரனுக்கு என்று சொன்னார். என் மகனுக்குப் பதினேழு வயது. கில்ட் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் துடிக்கவில்லை. மகள்தான் கேட்டாள்: "ஏன் கிராண்டா, எனக்கு இல்லையா?" மாமா மெதுவாகச் சொன்னார், "இது அப்பாவிடமிருந்து பையனுக்குப் போவது, ஹென்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மரபு அப்படித்தான் அவர் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. "பாட்டியின் பிரெஸ்ஸில்தானே இருந்தது?" என்றாள் அவள். மாமா வெகுநேரம் பேசவில்லை.

அவள் அதைக் கேட்டது ஆடுவதற்காக இல்லை. நடனத்துக்கு அதைவிட மெல்லிய துணியில் தைத்த கில்ட் அவளிடம் இருக்கிறது. அவள் கேட்டது வரிசையில் தன் இடத்தை. அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று மாமாவிடம் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வேறு கவலை இருந்தது. கில்ட் மகனுக்குப் போனால் அதைக் காக்கும் வேலை அவன் அம்மாவுக்கு, பிறகு அவன் கட்டிக்கொள்கிறவளுக்கு. மகளுக்குப் போனால் உடைமையும் வேலையும் சேர்ந்து அவளுக்கே. எப்படிப் பார்த்தாலும் ஊசி பெண்ணின் கையிலேயே நிற்கிறது. வாரிசுரிமையைச் சமமாகப் பிரிப்பதைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். பராமரிப்பைப் பிரிக்காமல் சொத்தை மட்டும் பிரித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

அதனால் வீட்டில் ஒரு விதி வந்தது. கில்ட் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அதை உடுத்தியவர்தான் மறுநாள் காற்றாட விட வேண்டும், துலக்க வேண்டும், ஓட்டுத் தையல் போட வேண்டும். அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

சென்ற ஜனவரியில் பள்ளி பர்ன்ஸ் விருந்துக்கு மகன் உடுத்திக்கொண்டு போனான். மறுநாள் மாலை மேசையில் கில்ட்டைப் பரப்பினான். ஊசியில் நூல் கோக்கவே பத்து நிமிடம் ஆனது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, விளிம்பை எப்படி நேராகப் பிடிப்பது என்று மட்டும் காட்டினாள், ஊசியை வாங்கவில்லை. முதல் வரிசை கோணல்மாணலாக வந்தது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது வரிசையில் இரண்டு மடிப்புகளைத் தவறவிட்டு, தானே கண்டுபிடித்து, முனகிக்கொண்டே பிரித்து மறுபடி போட்டான். முடிந்ததும் நான்கு கிளிப் மாட்டிக் கொண்டுபோய்த் தொங்கவிட்டான்.

அவன் தூங்கப் போன பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். அந்த முதல் வரிசையைப் பிரித்து நேராகப் போட எனக்குக் கால் மணி நேரம் போதும். கை பரபரத்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.